செவுத்துல கைய வைங்க, சார்

உங்கள் பயிற்சி வகுப்பில் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டவர், "உங்க பணிக்காலத்துல கிடைச்ச வெற்றிகளைச் சொல்லுங்க சார்" என்றார். வெற்றிகளை மட்டும் சொன்னால் ஐந்து நிமிடத்தில் டீ இடைவேளை விட்டுவிடலாம். மீதி நேரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்துப் பார்த்தேன். முப்பது வருடம் மனநல ஆலோசகராக இருந்தவனிடம் குறைவில்லாமல் இருப்பது தவறுகள்தான். அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன். ஒன்று என்றாலும் அதற்குள் நான்கைந்து இருக்கும். என் தவறுகள் எப்போதும் குடும்பத்தோடுதான் வரும்.

கொரோனாவின் இரண்டாவது அலையில் நடந்தது இது. உங்களில் பலர் அப்போது செல்போனில் பாடம் கேட்பதாகச் சொல்லிக் கேமராவை அணைத்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருப்பீர்கள். சங்ககிரிக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர் விடுதியைச் சிகிச்சை மையமாக மாற்றியிருந்தார்கள். மூன்று மாடி, அறைக்கு ஒருவர். ரொம்ப மோசமில்லாத நோயாளிகளை அங்கே தனிமைப்படுத்தி வைத்திருந்தோம். உடம்புக்கு மாத்திரை, கபசுரக் குடிநீர், தினமும் இரண்டு முட்டை. மனதுக்கு நான்.

ஓய்வு பெற ஒரு வருடம்கூட இல்லாத நேரம். அயோத்தியாப்பட்டணத்திலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருவேன். என் பையில் ஒரு தாள் இருந்தது. அந்தத் தாளில் இருந்த பயிற்சியை இந்த வாரம் உங்களுக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பதற்றம் வரும்போது கண்ணில் படுகிற ஐந்து பொருட்களைச் சொல்ல வேண்டும். கையால் தொடக்கூடியவை நான்கு, காதில் விழும் சத்தங்கள் மூன்று, மூக்குக்கு எட்டும் வாசனைகள் இரண்டு, நாக்கில் ஒரு சுவை. நாளைக்கு என்ன ஆகுமோ என்று மனம் ஓடும்போது, ஐம்புலன்களையும் பிடித்து அதை இன்றைக்குத் திருப்பிக் கொண்டுவருகிற வேலை. நல்ல பயிற்சி. அதில் ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் அதைக் கையில் வைத்திருந்தவனிடம்தான்.

மாணவர்களைச் சாப்பிடக் கூப்பிடுவதற்காக விடுதியில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு யோசனை பிறந்தது. அறை அறையாகப் போவானேன்? முதல் நாள் காலை மைக்கைப் பிடித்தேன். வானொலி அறிவிப்பாளர் குரல் எனக்கு உண்டு என்று என் மனைவி கல்யாணமான புதிதில் சொல்லியிருக்கிறாள். அந்தக் குரலில் ஆரம்பித்தேன். "கண்களை மெல்ல மூடுங்கள். உங்களைச் சுற்றி வீசும் வாசனையைக் கவனியுங்கள். சோப்பின் மணமா? காலையில் குடித்த காபியின் மணமா? ஆழமாக உள்ளே இழுங்கள்."

கொஞ்ச நேரத்தில் இரண்டாம் மாடியில் ஒருவர் அழுகிற சத்தம் கேட்டது. முதல் மாடியில் மூன்று பேர் ஒரே சமயத்தில் உதவிக்குக் கூப்பிட்டார்கள். வார்டுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் படியில் இறங்கி வந்து மைக்கின் சுவிட்சை அணைத்தார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். தன் பெயரை எங்கேயும் சொல்லக் கூடாது என்று எனக்கு உத்தரவு போட்டிருப்பதால் சிஸ்டர் என்றே சொல்கிறேன்.

"சார், மேல இருக்கறவங்கள்ள பாதிப் பேருக்கு மூக்கு வேலை செய்யல. நாக்கும் செத்துப்போச்சு. காலையில இருந்து அத மறந்து இருந்தாங்க. நீங்க மைக் வச்சு ஞாபகப்படுத்திட்டீங்க" என்றார்.

வாசனை தெரியாமல் போவதுதான் அந்த நோயின் அடையாளம் என்று மூன்று மாதமாக ஊரெல்லாம் விழிப்புணர்வுக் கூட்டம் போட்டவனே நான்தான். தாளில் "இரண்டு வாசனை" என்று போட்டிருந்தது, கேட்டேன். அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே அடுத்த தவறுக்குப் போனேன். இரண்டாம் மாடியில் அர்த்தனாரி என்று ஒருவர். ஐம்பது வயதிருக்கும். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்து ஊர். வந்ததிலிருந்து மூச்சு முட்டுகிறது, மூச்சு முட்டுகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆக்சிஜன் அளவு சரியாகத்தான் இருந்தது. பயத்தில் முட்டுகிற மூச்சு என்று சிஸ்டர் என்னை அனுப்பினார். போனில் கூப்பிட்டால், "ஆ? என்னுங்க? கேக்கலீங்க" என்று வைத்துவிட்டார். ஆகவே கவச உடையை மாட்டிக்கொண்டு நேரில் போனேன். ஒவ்வொரு அறைக்கும் நடைபாதையைப் பார்த்து ஒரு கம்பி ஜன்னல் உண்டு. அதற்கு வெளியே நின்று பேச வேண்டும்.

"அமைதியா மூச்சை இழுங்க."

"ஆ?"

"அமைதியா! மூச்சை! இழுங்க!"

அமைதியைத் தொண்டை கிழியக் கத்தி வரவழைக்க முயன்ற முதல் ஆலோசகன் நானாகத்தான் இருப்பேன். நாலு அறை தள்ளி ஒருவர், "சார், நான் இழுத்துட்டனுங்க, உடலாமுங்களா?" என்று கேட்டார்.

நான் தாளை விடவில்லை. "காதுல விழற மூணு சத்தத்தைச் சொல்லுங்க!" என்று அர்த்தனாரியிடம் கத்தினேன்.

"சத்தமுங்களா? எனக்கு இருவது வருசமா ஒரே சத்தந்தானுங்க. உள்ளுக்குள்ளயே ஓடிட்டிருக்கும். வெளிய ஒண்ணும் சரியாக் கேக்காது."

"சரி, ரெண்டு வாசனை..." என்று பழக்க தோஷத்தில் ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்தார். பைத்தியங்களைப் பார்க்கிற பார்வை எனக்குப் பழக்கம். பல வருடம் நான் பிறரைப் பார்த்த பார்வைதான்.

மறுநாள் காலை அவர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்துவிட்டார். "அந்த ரூமுக்குள்ள என்னால முடியாதுங்க. ஊட்டுக்குப் போறேன். இல்லீன்னா செவுத்தை இடிச்சிப்போடுவேன்" என்றார். நான் குறுக்கே போய் இரண்டு கையையும் விரித்து நின்றேன். அந்தக் கவச உடையில் நான் பஞ்சு மூட்டைபோல இருந்திருப்பேன். அவர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார். நான் திரும்புவதற்குள் கால் உறை தடுக்கி உட்கார்ந்துவிட்டேன். அவருடைய வீட்டில் மனைவியும் வயதான அம்மாவும் இருந்தார்கள். இவர் போய்ச் சேர்ந்தால் நோயும் கூடவே போய்ச் சேரும்.

சிஸ்டர் ஓடவில்லை. கத்தவில்லை. பக்கத்தில் போய் அவர் காதுக்கு நேராக, "அண்ணா, நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை. மூச்சு, சத்தம், வாசனை எல்லாம் கேட்டேன். அவர் யார் என்று கேட்கவில்லை.

அர்த்தனாரி நின்றார். "ரிக் வண்டிங்க. போர் போடறது. ஆபரேட்டருங்க" என்றார்.

அப்புறம் பேசிக்கொண்டே போனார். இருபத்தாறு வருடமாக ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடுகிறவர். வெட்டவெளியில் வேலை, லாரிமேல் படுக்கை. நான்கு சுவருக்குள் கதவை மூடிக்கொண்டு அவர் தூங்கியதே குறைவு. கடைசியாக ராஜஸ்தானில் வேலை. அவரும் அவருடைய மனைவியின் தம்பி தங்கராசுவும் ஒரே வண்டியில் இருந்தார்கள். இரண்டு பேருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்து ஊர் திரும்பினார்கள். தங்கராசுவுக்கு மூச்சு மோசமாகிச் சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இவரை இங்கே அனுப்பியிருந்தார்கள்.

"காது போனதுக்கப்பறம் கைதானுங்க எனக்குக் காது" என்றார். "ஓடற மிசின்ல கைய வச்சாப் போதும். கீழ மண்ணா, ஓடைக்கல்லா, கருங்கல்லான்னு சொல்லிப்போடுவேன். இங்க எதுல கைய வைக்கறதுங்க? எல்லாஞ் சும்மா கெடக்குது."

"போட்டது எல்லாம் ஞாபகம் இருக்கா?" என்று சிஸ்டர் கேட்டார்.

"ஒவ்வொண்ணும் இருக்குங்க."

"அப்ப மேல போய் ஒண்ணொண்ணா வரைஞ்சு வைங்க. நாளைக்கு வந்து பாக்கறேன்."

அவர் பையோடு மேலே போனார். நான் அப்போதுதான் தரையிலிருந்து எழுந்துகொண்டிருந்தேன்.

வரைவதற்குத் தாள் என்னிடம் இருந்தது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த வண்ணப் பென்சில்களும், வட்டத்துக்குள் வட்டமாகப் பூ வரைந்த அச்சடித்த தாள்களும் இரண்டு பெட்டி வந்திருந்தன. நிறம் தீட்டினால் மனம் அமைதியாகும் என்று எல்லா அறைக்கும் கொடுத்திருந்தேன். லாரி ஓட்டுகிறவர்களும் தறி ஓட்டுகிறவர்களும் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். "ஏனுங்க, கோலமுங்களா? பொம்பளப்புள்ளைக யாராச்சும் இருந்தாக் குடுங்க" என்று ஒருவர் மரியாதையாகத் திருப்பித் தந்தார். இன்னொருவர் அதில் முட்டை உரித்து வைத்துக்கொண்டார்.

அர்த்தனாரி பூவைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, தாளின் வெற்றுப் பக்கத்தில் வரைந்தார். மேலிருந்து கீழாக ஒரு நீளக் குழி. அதில் அடுக்கடுக்காக நிறங்கள். பக்கத்தில் எத்தனை அடி என்ற கணக்கு, ஊர்ப் பெயர், அன்றைக்கு யார் கூட இருந்தார்கள் என்ற குறிப்பு. கல்லுக்குக் கல் நிறத்தை மாற்றினார். பழுப்பு சரியாக வரவில்லை என்று ஒருநாள் டீத்தூளைத் தண்ணீரில் குழைத்துப் பூசினார். பென்சிலை அழுத்தித் தேய்க்கும்போது அவர் இடது கை உள்ளங்கையைத் தாள்மேல் விரித்து வைத்துக்கொள்வார். நாளுக்கு மூன்று நான்கு வரைந்தார். மூச்சு முட்டுகிறது என்று சொல்வது நின்றுபோனது.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஒரு படத்தில் பாதிக்கு மேல் ஒரே கறுப்பாக இருந்தது. அதைப் பற்றி அடக்கி வைத்த பயம், சொல்லப்படாத துயரம் என்று கோப்பில் இரண்டு பக்கம் எழுதிவிட்டு, ஜன்னலுக்குப் போய், "இந்தக் கறுப்பு உங்க மனசுல என்னவா இருக்கு?" என்று கத்திக் கேட்டேன்.

"கருங்கல்லுங்க" என்றார். "நாமக்கல்லுக்கு மேக்க எங்க போட்டாலும் இதானுங்க."

அந்த இரண்டு பக்கத்தைக் கிழிப்பதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. கோப்பில் இன்னும் இருக்கும். நீங்கள் யாராவது பார்த்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

இதுவரை சொன்னது சிரிக்கிற மாதிரியான தவறுகள். இனி சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்கு அர்த்தனாரியின் அண்ணன் எனக்குப் போன் செய்தார். தங்கராசு விடியற்காலையில் இறந்துவிட்டார். "அவங்கிட்டச் சொல்லிப்போடாதீங்க சாமி. தாங்க மாட்டான். தூக்கி வளத்த பையன். இவந்தான் அவனை ரிக்குக்கே கூட்டிட்டுப் போனான். நல்லாகி ஊட்டுக்கு வரட்டும், நாங்க சொல்லிக்கறோம்" என்று அழுதார்.

நான் சிஸ்டரிடம் சொன்னேன். அவர், "சொல்றதா இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து போய்ச் சொல்லலாம் சார். நான் சாயங்காலம் வந்துருவேன். அதுக்குள்ள அவரா கேட்டா, பொய் மட்டும் சொல்லிடாதீங்க" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் மாடியில் ஒருவரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு கூடவே போய்விட்டார்.

பொய் சொல்லாமல் எப்படி இருப்பது என்று யோசித்துக்கொண்டே இரண்டாம் மாடிக்குப் போனேன். அங்கே போகாமலே இருந்திருக்கலாம். ஆனால் நான் போகாவிட்டால் அவருக்குச் சந்தேகம் வரும் என்று எனக்கு ஒரு புத்திசாலித்தனம். அர்த்தனாரி வரைந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கி, "சார், தங்கராசு எப்பிடி இருக்கான்னு கேட்டீங்களா?" என்றார்.

கேட்டுச் சொல்கிறேன் என்று முந்தின நாள் நானேதான் சொல்லியிருந்தேன்.

அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு இருந்தது. ஐந்து நாளில் நான் பார்க்காத தெளிவு. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை. அவர் அழுதால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அதுதான் காரணம்.

"முன்னேற்றம் இருக்கு" என்று கத்தினேன். மாடி முழுவதும் கேட்டிருக்கும். "நல்லா இருக்கார்!"

"அப்பிடீங்களா" என்று அவர் சிரித்தார். "இது ராஜஸ்தான்ல அவன் மொதமொதல்ல தனியாப் போட்டதுங்க. ஒரு பள்ளிக்கோடத்துக்கு. எழுநூத்தம்பது அடி. தண்ணியே இல்லீங்க, வெறும் பொடி. அழுதுட்டான்" என்று படத்தைத் தூக்கிக் காட்டினார்.

மாலையில் சிஸ்டர் திரும்ப முடியவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் படுக்கைக்காகக் காத்துக் கிடந்தார். மறுநாள் காலை, ரிக் வண்டியில் கூட வேலை பார்க்கும் ஒருவர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தங்கராசுவின் படத்தை மாலையோடு வைத்திருந்ததை அர்த்தனாரி தன் செல்போனில் பார்த்துவிட்டார்.

அவர் கத்தவில்லை. சுவரை இடிக்கவில்லை. பென்சில் டப்பாவையும் தாள்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சிஸ்டரிடம் கொடுத்தார். "அந்தச் சாரை இந்தப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லிருங்க" என்றார். அப்புறம் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. இரண்டு நாள்.

சிஸ்டர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவரு உங்ககிட்ட ஆறுதல் கேக்கல சார். சேதி கேட்டாரு" என்றார். அவ்வளவுதான்.

நீங்கள் எழுதிவைத்துக்கொள்ள ஏதாவது வேண்டுமானால் அதை எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்னதல்ல, சிஸ்டர் சொன்னது.

எட்டாம் நாள் எனக்கு உடம்பு வலித்தது. சோதித்துப் பார்த்ததில் நானும் நோயாளி. அந்த நேரத்தில் காலியாக இருந்தது ஒரே ஓர் அறை, இரண்டாம் மாடியில், அர்த்தனாரிக்குப் பக்கத்து அறை. ஆலோசகராக ஏறிய படியில் தலையணையும் பல் துலக்கும் பிரஷுமாக ஏறினேன். வழியில் முட்டை உரித்தவர், "வாங்க சார், நீங்களும் வந்துட்டீங்களா" என்று அன்போடு வரவேற்றார்.

முதல் இரண்டு நாள் சமாளித்தேன். என் தாளையே சுவரில் ஒட்டி வைத்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மத்தியானம் மின்சாரம் போனது. மே மாத வெயில். மின்விசிறி நின்றது. அது நின்ற பிறகுதான் அந்த அறை எவ்வளவு சின்னது என்று தெரிந்தது. காற்றே இல்லை என்று தோன்றியது. தாளைப் பார்த்தேன். கண்ணில் படுவது ஐந்து. ஓடாத விசிறி ஒன்று. இரண்டாவது என்ன? தாள். மூன்றாவது வரவில்லை. வாசனை என்ற வரிக்கு வந்தபோது எனக்கும் மூக்கு வேலை செய்யவில்லை என்பது நினைவுக்கு வந்தது. நெஞ்சு அடித்த அடியில் எனக்கு மாரடைப்பு வந்துவிட்டது என்றே முடிவு செய்தேன். கதவைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. என்னை வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்துக் கதவையும் பக்கத்துச் சுவரையும் மாறி மாறிக் குத்தினேன். கதவை உள்ளே தாழ் போட்டது நான்தான் என்பது பிறகு தெரிந்தது.

சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து மூன்று இடி விழுந்தது. நிதானமாக, ஒவ்வொன்றாக.

நான் நின்றுவிட்டேன். பிறகு அர்த்தனாரியின் குரல் ஜன்னல் வழியாக வந்தது. காது மந்தமானவர்கள் பேசுகிற அந்தப் பெரிய குரல்.

"சார்! செவுத்துல கைய வைங்க!"

"என்ன?"

"கைய வைங்க! விரல் மட்டுமில்லீங்க, முழுக் கையும்! வச்சாச்சுங்களா?"

வைத்தேன்.

"நான் தட்டறேன். எத்தனைன்னு சொல்லுங்க. காதுல கேக்காதீங்க, கையில கேளுங்க."

தட்டினார். "நாலு!" என்று கத்தினேன்.

"அஞ்சுங்க. கடைசி ஒண்ணு மெல்லத் தட்டுனேன். கவனமில்லீங்க உங்களுக்கு. மறுபடியும்."

மறுபடியும் தட்டினார். ஏழு என்றேன். சரி என்றார். அடுத்து வேறு ஏதோ ஒன்றால் தட்டி, "இது என்னன்னு சொல்லுங்க" என்றார். கையை இன்னும் அழுத்தி வைத்தேன். சுண்ணாம்புச் சுவர் குளிர்ச்சியாக இருந்தது. அது குளிர்ச்சியாக இருக்கிறது என்பதை மூன்று நாளில் அப்போதுதான் கவனித்தேன்.

"டம்ளர்?"

"சோப்பு டப்பாங்க!"

மறுபடியும் தட்டினார். "இது?"

"செருப்பு!"

"இப்பத்தானுங்க டம்ளர்!"

மூன்றாவது அறையிலிருந்து ஒருவர், "எனக்கே தெரியுதுங்க சார், உங்களுக்குத் தெரியலீங்களா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது மூச்சு தானாக உள்ளே போய் வெளியே வந்தது. அப்படி எவ்வளவு நேரம் சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. மின்சாரம் வந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை. தாழை எடுத்துக் கதவைத் திறந்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வந்தது. இந்த முறை பெரிய குரல் இல்லை.

"சார், அன்னிக்கு நான் கேட்டப்ப உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும்" என்றேன். அவருக்குக் கேட்டிருக்குமோ என்று மறுபடியும் உரக்கச் சொன்னேன். "தெரியும். பத்து மணிக்கே தெரியும்."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த நேரத்தில் கேட்டிருந்தால் அதையும் அவர்தான் சுமக்க வேண்டியிருந்திருக்கும். தெரிந்தே நான் வாயை மூடிக்கொண்டிருந்தது என் பணிக்காலத்தில் அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன்.

மறுநாள் அர்த்தனாரி சிஸ்டரிடம் பென்சில் டப்பாவைத் திருப்பிக் கேட்டு வாங்கினார். அதில் பாதியை என் ஜன்னலுக்கு அனுப்பியிருந்தார். "சும்மா உக்காந்தா மறுபடியும் செவுத்தைக் குத்துவாரு, எதாச்சும் வரையச் சொல்லுங்க" என்று சொன்னாராம்.

ஒன்று ஒத்துக்கொள்கிறேன். அத்தனை பேருக்கு நிறம் தீட்டச் சொல்லிக் கொடுத்த நான், வாழ்க்கையில் ஒரு படமும் வரைந்ததில்லை. முதல் கோடு போடுவதற்கு அரை மணி நேரம் ஆனது. யாரும் பார்க்கவில்லை என்றாலும் வெட்கமாக இருந்தது. எதையாவது வரையுங்கள் என்று நோயாளியிடம் சுலபமாகச் சொல்கிறோமே, அது எவ்வளவு பெரிய அதட்டல் என்று அன்றைக்குத் தெரிந்தது. கடைசியில் வீட்டு வாசலில் நிற்கும் என் ஸ்கூட்டரை வரைந்தேன். கண்ணாடியில் ஒரு கீறல் உண்டு, அது எந்தப் பக்கம் என்று நினைவுபடுத்திக்கொண்டே இருந்ததில் ஒரு மத்தியானம் போயே போய்விட்டது. அர்த்தனாரி அதைச் சிஸ்டர் மூலம் வாங்கிப் பார்த்துவிட்டு, "எருமை நல்லா இருக்குதுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

அவர் மறுபடியும் வரைய ஆரம்பித்தார். இந்த முறை எல்லாம் தங்கராசு கூட இருந்தவை மட்டும் என்று சிஸ்டர் சொன்னார். சில நேரம் நடுவில் நிறுத்திவிட்டு அழுவார். சுவரில் கை வைத்திருந்தால் எனக்கும் தெரியும். நான் தட்டமாட்டேன். கையை எடுக்கவும் மாட்டேன். அந்தப் படங்களுக்கு என்ன அர்த்தம் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கோப்பிலும் எழுதவில்லை.

அவருக்கு நடுவில் காய்ச்சல் திரும்பி வந்ததால் நாள் நீண்டது. கடைசியில் இரண்டு பேருக்கும் ஒரே நாளில் விடுதலை. கீழே வாசலில் வண்டிக்குக் காத்து நின்றோம். கம்பியும் கவச உடையும் இல்லாமல் அவரை அன்றுதான் பார்த்தேன். நான் நினைத்திருந்ததைவிடக் குள்ளமான மனிதர். அவருடைய வண்டி திருச்செங்கோட்டுப் பக்கம், என்னுடையது சேலம் பக்கம்.

"அன்னிக்கு உங்ககிட்ட நான் பொய் சொன்னது தப்பு" என்றேன். அவர் காதுக்கு நேராகச் சொன்னேன்.

அவர் தலையை ஆட்டினார். தப்பு இல்லை என்று சொல்லவில்லை. கையில் படங்களைச் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். சாலையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"சார், இப்ப நான் ஊட்டுக்குப் போறேன். அங்க அவ இருக்கறா. அவளுக்கு ஒரே தம்பி. நாந்தான் கூட்டிட்டுப் போனேன். நான் மட்டுந்தான் திரும்பி வாரேன். அவகிட்டப் போயி என்ன சொல்றதுங்க? நீங்க படிச்சவங்க. சொல்லுங்க."

முப்பது வருடம் இதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். துக்கத்தில் இருப்பவரிடம் பேசுவது எப்படி என்று நானே பத்து வகுப்பு எடுத்திருக்கிறேன். வகுப்புக்குப் பழைய படங்களும் குறிப்புகளும் உண்டு. அவற்றில் உள்ள ஒவ்வொரு வாக்கியமும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"எனக்குத் தெரியலீங்க" என்றேன். என்னையறியாமல் அவர் ஊர்ப் பேச்சே எனக்கும் வந்துவிட்டது. "என்ன சொல்றதுன்னு நெசமாத் தெரியல."

அவர் என் முகத்தையே பார்த்தார். "இப்பத்தானுங்க சார் நீங்க எங்கிட்ட நெசம் பேசறீங்க" என்றார். அதில் கோபம் இல்லை.

வண்டி வந்தது. முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்து போனை எடுத்தார். காது கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் எடுத்தது அவர் மனைவி. எடுத்ததுமே அழ ஆரம்பித்துவிட்டார். டிரைவர் என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைத் துடைத்தார்.

"நாந்தான் புள்ள. கெளம்பிட்டேன்" என்றார் அர்த்தனாரி. "உங்கிட்ட என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. வாரேன்."

அழுகை நிற்கவில்லை. அவரும் போனை அணைக்கவில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்தபடி, "போலாமுங்க" என்று டிரைவரிடம் சொன்னார்.